தையல் கற்ற மருத்துவர் அலெக்சிஸ் காரெல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

சென்ற கல்வியாண்டில் எங்கள் துறை மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாக ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே உயிரணு வளர்ப்புக் கூடத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதித்தார்கள். ஆய்வு மாணவி ஒருவர் வெளியே வந்து, சுண்டுவிரல் நுனியளவே இருந்த குப்பி ஒன்றைக் காட்டினார். முதலில் அது காலிக் குப்பி என்றே நினைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டிய பிறகுதான் அடியில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. பத்து மைக்ரோகிராம் புரதம். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அந்தப் பாக்டீரியாவைக்கொண்டு செய்வித்த வளர்ச்சிக் காரணி. பிள்ளைப்பேற்றுக்குப் பின் கழித்துவிடும் தொப்புள்கொடியின் இரத்தக் குழாயிலிருந்து உள்வரி உயிரணுக்களைப் பிரித்தெடுத்து வளர்க்கிறார்கள். அவற்றுக்கு ஊற்றும் ஊட்டக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் இதைச் சேர்க்கிறார்கள். சேர்த்தால் உயிரணுக்கள் பெருகுகின்றன. சேர்க்காவிட்டால் சோர்ந்து நின்றுவிடுகின்றன. எடைக்கு எடை பார்த்தால் தங்கம் இதன் பக்கத்தில்கூட வரமுடியாது என்று அவர் சொன்னபோது வகுப்பே வாய்பிளந்தது.

ஆனால் இந்த விலையுயர்ந்த பொருளை ஊற்றி வளர்த்தாலும், சில முறை பிரித்து வளர்த்த பிறகு அந்த உயிரணுக்கள் முதுமையடைந்துவிடும், கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்றும் அவர் சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை. பள்ளியில் வினாடி வினாப் போட்டிக்காக நான் மனப்பாடம் செய்த பொது அறிவு நூலில், ஒரு கோழிக்குஞ்சின் இதயத் துண்டை 34 ஆண்டுகள் சாகாமல் வளர்த்த விஞ்ஞானியைப் பற்றிப் படித்திருந்தேன். துணிந்து கேட்டுவிட்டேன். கோழி இதயம் சாகாதபோது தொப்புள்கொடி உயிரணு மட்டும் ஏன் சாகவேண்டும்? அவர் சிரித்தார். காரெலின் கதையை முழுவதும் படித்துவிட்டு வாருங்கள் என்றார். அதற்குள் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எங்கள் பேராசிரியர் அழைத்துவிட்டார்.

படித்தேன். வினாடி வினா நூலில் பாதிக் கதைதான் இருந்தது என்று தெரிந்தது. மீதியையும் என் தோழர்களுக்குச் சொல்லவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அலெக்சிஸ் காரெல் 1873ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பிரான்சில் லியோன் நகரை அடுத்த ஊரில் பிறந்தார். லியோன் அந்நாளில் பட்டுக்குப் பெயர்பெற்ற நகரம். அவருடைய தந்தையும் துணி உற்பத்தித் தொழில் செய்தவர். மகனுக்கு ஐந்து வயதாகும்போதே தந்தை இறந்துவிட, தந்தையின் பெயரான அலெக்சிஸ் என்பதையே பிள்ளைக்கும் வழங்கலாயினர். ஏசு சபையினரின் பள்ளியில் படித்துப் பின் லியோனிலேயே மருத்துவம் பயின்றார்.

1894ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, அந்த லியோன் நகருக்கு விருந்தினராக வந்திருந்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோவை இத்தாலிய இளைஞன் ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாளம் அறுபட்டது. நகரின் தேர்ந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும் பயனில்லை. அறுந்த இரத்தக் குழாயைத் தைக்கும் வழி அன்று அவர்கள் எவருக்கும் தெரியாது. நாட்டின் தலைவர் இரத்தம் வடிந்தே இறந்தார். அப்போது காரெலுக்கு இருபத்தொன்று நிறைய நான்கு நாட்கள் இருந்தன. அதாவது இதை எழுதும் என் வயதுதான். துணியைத் தைக்கலாம், தோலைத் தைக்கலாம், குழாயை ஏன் தைக்கமுடியாது என்ற கேள்வி அந்த மாணவரைப் பிடித்துக்கொண்டது.

அவர் விடை தேடிப் போன இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய அறுவை மருத்துவர்களிடம் அவர் போகவில்லை. லியோனில் பட்டுத் துணியில் பூத்தையல் செய்துவந்த லெருதியே அம்மையாரிடம் போய், மிக மெல்லிய ஊசியையும் நூலையும் கையாளப் பழகினார். மருத்துவப் பட்டம் பெறப்போகும் ஒருவர் தையற்காரப் பெண்மணியிடம் மாணவராக அமர்ந்தார் என்பதை என் தாயாரிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் தையல் இயந்திரம் ஓடித்தான் அடுப்பு எரிகிறது. அவர் வியப்படையவே இல்லை. வேறு யாரிடம் போவார் என்று திருப்பிக் கேட்டார்.

இரத்தக் குழாயைத் தைப்பதில் இரண்டு இடர்கள் உண்டு. குழாய் வட்டமானது, மெலிந்தது; ஒரு பக்கம் குத்தும் ஊசி எதிர்ப்பக்கச் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிடும், குழாய் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, தைத்த இடத்தில் இரத்தம் உறைந்துபோகும். காரெல் கண்ட வழி இது. அறுந்த இரு முனைகளையும் நேர்க்குநேர் வைத்து, சம தொலைவில் மூன்றே மூன்று தையல்களை முதலில் போட்டுக்கொண்டார். அந்த மூன்று நூல்களையும் மூன்று திசையில் இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். இனி வளைவு இல்லை, மூன்று நேர்க்கோடுகள்தாம். ஒவ்வொரு பக்கமாகத் தைத்துக்கொண்டு போகலாம். எதிர்ச்சுவர் விலகியே நிற்கும். என் தாயார் இதையும் கேட்டுவிட்டு, ரவிக்கைக்குக் கை வைக்கும்போது தாமும் முதலில் மூன்று நான்கு இடங்களில் பிடித்துக்கொண்டுதான் தைப்பதாகவும், இல்லையென்றால் வட்டம் இழுத்துக்கொண்டு போகும் என்றும் சொன்னார். இரண்டாவது இடருக்குக் காரெல் நூலையும் ஊசியையும் வாசலினில் தோய்த்துக்கொண்டார். விளிம்புகளைச் சற்று வெளிப்புறம் திருப்பி, குழாயின் உள்வரி உள்வரியோடு பொருந்துமாறு வைத்துத் தைத்தார். வழவழப்பான உள்வரி தொடர்ச்சியாக இருந்தால் இரத்தம் உறைவதில்லை. பாடநூல்கள் எண்டோதீலியம் என்று சொல்லும் ஒற்றை உயிரணுப் படலம்தான் இந்த உள்வரி. சுற்றுலாவில் நான் பார்த்த குப்பியிலிருந்த புரதமும் இதே உள்வரி உயிரணுக்களுக்கான உணவுதான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1902இல் இந்த முறையை லியோன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. லூர்து நகருக்கு நோயாளிகளை ஏற்றிச்சென்ற புனிதப் பயண இரயிலில் காரெல் மருத்துவராகச் சென்றார். சாகும் தறுவாயில் இருந்த இளம்பெண் ஒருத்தி அங்கே அவர் கண்ணெதிரிலேயே தேறினாள். அவர் கண்டதைக் கண்டபடி சொன்னார். அற்புதம் என்று அடித்துச் சொல்லாததால் சமயப் பற்றாளர்களுக்கு மனக்குறை. நடக்கவே இல்லை என்று மறுக்காததால் மருத்துவப் பேராசிரியர்களுக்குச் சினம். லியோனில் அறுவை மருத்துவர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1904இல் ஊரைவிட்டே கிளம்பிக் கானடா சென்றார். மருத்துவத்தை விட்டு மாடு வளர்க்கலாமா என்று எண்ணியதும் உண்டு என்பர். கண்டதைச் சொன்னதற்காகத் தம் நாட்டில் வாய்ப்பை இழந்தவர் அவர். இதையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கானடாவிலிருந்து சிகாகோ. அங்கே சார்லஸ் கத்ரி என்பவரோடு சேர்ந்து நாய், பூனைகளில் இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் இதயத்தையுமே எடுத்து ஒட்டவைக்கும் சோதனைகளைச் செய்தார். 1906இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிலையம் அவரை அழைத்துக்கொண்டது. 1908இல் ஓர் இரவு, பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை ஒன்று இரத்தப் போக்கால் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தது. தந்தையின் மணிக்கட்டுத் தமனியை அந்தக் குழந்தையின் காலிலிருந்த சிரையோடு காரெல் தைத்து இணைத்தார். தந்தையின் இரத்தம் நேராகப் பாய்ந்தது. குழந்தை சிவந்தது, பிழைத்தது. பச்சிளம் குழந்தையின் சிரை எவ்வளவு மெலிதாக இருக்கும்! பூத்தையல் கற்ற விரல்களுக்குத்தான் அது முடியும்.

1912இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வயது 39. அமெரிக்க மண்ணில் உழைத்தவர் ஒருவருக்கு இத்துறையில் கிடைத்த முதல் நோபெல் அதுவே. கத்ரிக்குப் பங்கு இல்லை. அது நியாயந்தானா என்று வழக்காடுவோர் பின்னாளிலும் இருந்தனர். எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது.

இதுவரை சொன்னதில் எவருக்கும் ஐயமில்லை. இன்று உலகில் நடக்கும் ஒவ்வொரு சிறுநீரக மாற்றுச் சிகிச்சையிலும், இதயத் தமனி மாற்றுவழி அறுவையிலும் காரெலின் கை இருக்கிறது. தம் உடலுறுப்பைத் தம்மிலேயே இடம் மாற்றி வைத்தால் நிலைக்கிறது, பிற உடலில் வைத்தால் சில நாளில் கெட்டுவிடுகிறது, இது தையலின் குற்றமன்று, உடலின் இயல்பு என்பதையும் அன்றே கண்டு சொன்னவர் அவர்.

இனி இரண்டாம் கதை. ராஸ் ஹாரிசன் என்பவர் 1907இல் தவளைக் கருவின் நரம்புத் துண்டை உடலுக்கு வெளியே ஒரு சொட்டு நிணநீரில் வைத்து வளர்த்துக் காட்டியிருந்தார். காரெல் தம் உதவியாளர் மாண்ட்ரோஸ் பரோசை அவரிடம் அனுப்பிக் கற்றுவரச் செய்து, கோழிக் கருவையும் பாலூட்டிகளின் திசுக்களையும் அவ்வாறே வளர்க்க முற்பட்டார். முதலில் இரத்தப் பிளாஸ்மாவில் வைத்தார். சில நாளில் வளர்ச்சி நின்றுவிட்டது. பிறகு கோழிக் கருக்களை நசுக்கி உப்புக் கரைசலில் கலக்கிச் சுழற்றித் தெளியவைத்த சாற்றைச் சேர்த்தார். உடனே திசுக்கள் விறுவிறுவென்று பெருகின. இந்தக் கருச் சாறுதான் இக்கதையின் மையம். அதில் வளர்ச்சியைத் தூண்டும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டுகொண்டது காரெலின் பெருமை. டிரெபோன் என்று பின்னர் ஒரு பெயரும் சூட்டினார். அந்த ஏதோ ஒன்று என்ன என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

1912ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கோழிக்கருவின் இதயத்திலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துக் குடுவையில் இட்டார். அதுதான் என் பொது அறிவு நூலில் இருந்த இதயம். அவருடைய துணைவர் ஆல்பர்ட் எபெலிங் அதைக் கண்ணும் கருத்துமாகப் பேணினார். கருச் சாறு குறித்த காலத்தில் புதிதாக ஊற்றப்பட்டது. வளர்ந்த மிகுதி வெட்டி எறியப்பட்டது. ஆண்டுகள் ஓடின. கோழி ஒன்றின் வாழ்நாளையும் கடந்து அந்தத் துண்டு வளர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் நியூயார்க் நாளிதழ் ஒன்று அதன் பிறந்த நாளைச் செய்தியாக வெளியிட்டது. வெட்டாமல் விட்டிருந்தால் அது உலகத்தையே மூடியிருக்கும் என்றெல்லாம் எழுதினார்கள். 1937இல் அமெரிக்க வானொலியில் கோழி இதயம் உலகை விழுங்குவதாக ஒரு திகில் நாடகமே ஒலிபரப்பானது. காரெலின் ஆய்வுக்கூடமும் அதற்கேற்றாற்போல் இருந்தது. தூசி தெரியவேண்டும், ஒளி கூசக்கூடாது என்று சுவர்களுக்குக் கருமையான வண்ணம். வேலை செய்வோருக்குக் கறுப்பு அங்கி, கறுப்பு முக்காடு. வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் தாமும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையோடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அது இதயமே அன்று. துடிப்பு தொடக்க காலத்திலேயே நின்றுபோயிற்று. குடுவையில் பெருகியவை இணைப்புத் திசுவின் உயிரணுக்கள். ஆனால் மக்கள் மனத்தில் துடிக்கும் இதயமாகவே அது நிலைத்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தக் குடுவையைக்கொண்டு காரெல் ஒரு முடிவுக்கு வந்தார். உயிரணுவுக்கு இயற்கையில் சாவு இல்லை. உடலில் சேர்ந்து வாழ்வதால்தான் முதுமை வருகிறது. தூய்மையாக வைத்து உணவும் கொடுத்தால் அது என்றென்றும் பெருகும். நோபெல் பரிசு பெற்றவர், ராக்பெல்லர் நிலையத்தவர் சொல்கிறார். பாடநூல்கள் ஏற்றுக்கொண்டன. பிற ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்கள் சில மாதங்களில் பெருக மறுத்து மடிந்தபோது, அங்குள்ளவர்கள் தங்கள் கையையே குறைகூறிக்கொண்டார்கள். கண்ணாடியைச் சரியாகக் கழுவவில்லையோ, கரைசலில் பிழையோ, கிருமி புகுந்ததோ என்று. அரை நூற்றாண்டுக் காலம் இப்படி ஓடியது.

காரெலின் வாழ்வின் மற்றப் பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் தாய்நாட்டுக்காகக் கம்ப்பியேன் என்ற இடத்தில் போர் மருத்துவமனை நடத்தினார். மனைவியும் செவிலியாக உடன் பணிபுரிந்தார். ஹென்றி டாகின் என்ற ஆங்கில வேதியியல் அறிஞரோடு சேர்ந்து, நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை இரப்பர்க் குழாய்கள் வழியே புண்ணின் ஆழத்துக்குச் செலுத்தும் முறையை உருவாக்கினார். எதிருயிரி மருந்துகள் இல்லாத காலத்தில் எத்தனையோ வீரர்களின் கைகால்கள் வெட்டப்படாமல் தப்பின. 1930களில், அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பர்க் அவருடன் சேர்ந்தார். லிண்ட்பர்க்கின் மனைவியுடைய தமக்கைக்கு இதய நோய். இதயத்தை நிறுத்தி அறுவை செய்ய ஒரு கருவி இருக்கக்கூடாதா என்று அவர் கேட்டுக்கொண்டு வந்தார். இருவரும் சேர்ந்து 1935இல் கண்ணாடியால் ஒரு குருதி ஓட்டக் கருவி செய்து, பூனையின் தைராய்டு சுரப்பியை உடலுக்கு வெளியே பல நாட்கள் உயிரோடு வைத்துக் காட்டினார்கள்.

அதே 1935இல் மனிதனைப் பற்றி அவர் எழுதிய நூல் பல மொழிகளில் விற்றுத் தீர்ந்தது. அதைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் மறைக்கக்கூடாது. உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று மனிதர்களைப் பிரித்து, உயர்ந்தோர் பெருகவேண்டும் என்று அதில் வாதிட்டார். கொடுங்குற்றம் செய்தவர்களையும் குற்றம் புரிந்த மனநோயாளிகளையும் நச்சுவாயு கொண்டு முடித்துவிடலாம் என்று எழுதினார். 1936இல் வந்த செருமானியப் பதிப்பின் முன்னுரையில் இட்லர் ஆட்சியின் நடவடிக்கைகளைப் பாராட்டினார். பச்சிளம் குழந்தைக்கு இரத்தம் ஓடத் தைத்த அதே கை இதையும் எழுதியது என்பதை நினைத்தால் நெஞ்சு ஏற்க மறுக்கிறது. என் தந்தையின் தலைமுறை வரை எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவர் எவரும் இல்லை. அவருடைய அளவுகோலில் நாங்கள் எந்தத் தட்டில் இருந்திருப்போம் என்று எனக்குத் தெரியும்.

1939இல் ராக்பெல்லர் நிலையம் வயது வரம்பின்படி அவருக்கு ஓய்வு கொடுத்தது. பிரான்சு திரும்பி, செருமானியருக்குப் பணிந்த விஷி அரசின் ஆதரவில் 1941இல் மனிதச் சிக்கல்களை ஆராயும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1944 ஆகஸ்டில் பாரிசு விடுதலை பெற்றதும் பதவி பறிபோயிற்று. பகைவருக்குத் துணைபோனவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடக்கும் முன்பே 1944 நவம்பர் 5ஆம் நாள் இதய நோயால் இறந்தார். லியோனில் ஒரு மருத்துவக் கல்லூரி பின்னர் அவர் பெயரைத் தாங்கியது. 1996இல் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, மார்பொலிமானியைக் கண்டுபிடித்த லேனெக்கின் பெயரை வைத்தார்கள்.

அவர் இறந்த பிறகும் குடுவை இறக்கவில்லை. எபெலிங் அதை வேறோர் ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பேணி, 1946 ஏப்ரல் 26ஆம் நாள் தாமாகவே முடித்துவைத்தார். 34 ஆண்டுகளும் மூன்று மாதங்களும். பொது அறிவு நூல் இத்துடன் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது.

1961இல் பிலடெல்பியாவில் விஸ்டார் நிலையத்தில் லியோனார்டு ஹேபிளிக் என்ற இளைஞர் மனித உயிரணுக்களை வளர்த்துவந்தார். பல மாதங்கள் நன்றாகப் பெருகிய பிறகு அவை ஒவ்வொன்றாக நின்றன. அவரும் எல்லாரையும்போல் முதலில் தம் கையைத்தான் சந்தேகித்தார். பிறகு ஓர் அருமையான சோதனை செய்தார். பல முறை பெருகி முதிர்ந்த ஆண் உயிரணுக்களையும், சில முறையே பெருகிய இளைய பெண் உயிரணுக்களையும் ஒரே குடுவையில் கலந்து வைத்தார். கரைசலில் குற்றம் என்றால் இரண்டும் சேர்ந்தே நிற்கவேண்டும். சில காலம் கழித்து நிறமூர்த்தங்களைப் பார்த்தபோது பெண் உயிரணுக்கள் மட்டுமே இருந்தன. ஒரே உணவு, ஒரே குடுவை. முதியவை மறைந்தன, இளையவை பெருகின. அப்படியானால் கணக்கு கரைசலில் இல்லை, உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறது. மனித உயிரணு ஏறத்தாழ ஐம்பது முறை இரட்டித்தபின் நிற்கும் என்று ஹேபிளிக்கும் மூர்ஹெட்டும் அறிவித்தார்கள். கோழி உயிரணுவுக்கு அந்த அளவும் இல்லை. அவர்கள் கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. அது ராக்பெல்லர் நிலையத்தின் இதழ். 1912இல் காரெலின் சாகாத் திசுக் கட்டுரையை வெளியிட்டதும் அதே இதழ்தான். வேறோர் இதழில்தான் ஹேபிளிக்கின் கட்டுரை அச்சேறியது. நிறமூர்த்த முனைகள் ஒவ்வொரு பிரிவின்போதும் தேய்வதே இந்தக் கணக்கின் அடிப்படை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அம்முனைகளைப் பற்றிய ஆய்வுக்கு 2009இல் நோபெல் பரிசும் கிடைத்தது.

அப்படியானால் காரெலின் குடுவையில் 34 ஆண்டுகள் வளர்ந்தது எது? சாற்றைத்தான் எல்லாரும் சுட்டிக்காட்டுகிறார்கள். நசுக்கிய கருக்களைச் சுழற்றித் தெளியவைத்தபோது உயிருள்ள உயிரணுக்கள் சில அதில் தங்கிப்போயிருக்கவேண்டும். உணவு என்று ஊற்றிய ஒவ்வொரு முறையும் புதிய உயிரணுக்களையும் சேர்த்தே ஊற்றியிருக்கிறார்கள். பழையவை சாகச் சாகப் புதியவை இடம்பிடித்தன. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே திசு சாகாமல் வளர்வதாகவே தோன்றும். உதவியாளர்களில் யாரேனும் தெரிந்தே இதைச் செய்தார்களா, காரெலுக்கு இது தெரியுமா என்ற ஐயங்களும் எழுந்தன. அறியாமல் நேர்ந்த பிழை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் லூர்தில் கண்டதைக் கண்டபடி சொல்லிப் பதவியை இழந்தவரின் புகழே, குடுவை முன் நின்ற ஆயிரம் பேரைத் தாங்கள் கண்டதைச் சொல்லவொட்டாமல் செய்துவிட்டது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. முதலாண்டுச் செய்முறை வகுப்பில் எங்கள் விரலையே குத்தி இரத்தச் சிவப்பணுக்களை எண்ணினோம். எனக்கு ஒரு கன மில்லிமீட்டருக்கு 38 இலட்சம் வந்தது. நூலில் ஆண்களுக்கு 50 இலட்சம் என்று இருந்தது. இரண்டாம் முறை எண்ணினேன், 39 வந்தது. என் கைதான் சரியில்லை, நீர்த்ததில் பிழை என்று முடிவுகட்டி, ரெக்கார்டு நோட்டில் 49 இலட்சம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்து நடந்த இரத்ததான முகாமில் என் இரத்தத்தைச் சோதித்தவர், சோகை இருக்கிறது, தம்பி, முதலில் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். முதல் நாளே என் கை சரியாகத்தான் எண்ணியிருந்தது. காரெலின் கதையைப் படித்தபோதுதான் அந்த 49 எனக்குச் சுட்டது. அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.

கருச் சாற்றுக்குள் இருந்த அந்த ஏதோ ஒன்றுக்கு வருகிறேன். அது ஒன்றன்று, பல. ரீட்டா லெவி மோந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1950களில் நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்து வழிகாட்டினார்கள். 1986இல் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். புற்றுக்கட்டி வளரப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும், அவற்றை வரவழைக்க ஏதோ ஒரு பொருளைக் கட்டியே சுரக்கிறது என்று ஜூடா போக்மன் 1971இல் எழுதினார். அவருடைய கருத்தையும் பலர் எளிதில் நம்பவில்லை. 1973இல் தொப்புள்கொடியிலிருந்து உள்வரி உயிரணுக்களைப் பிரித்து வளர்க்கும் முறை கைகூடியதும், எந்தப் பொருள் அவற்றைப் பெருக்குகிறது என்று குடுவையிலேயே சோதிக்க முடிந்தது. 1989இல் நெப்போலியோனே பெரராவும் அவருடைய குழுவினரும் உள்வரி வளர்ச்சிக் காரணி ஒன்றைத் தூய்மையாகப் பிரித்து அதன் மரபணுவையும் அறிவித்தார்கள். வி.இ.ஜி.எஃப். என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் செயலைத் தடுக்கும் மருந்து 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது.

அந்த மரபணுவைத்தான் இன்று ஈ. கோலி பாக்டீரியாவுக்குள் வைக்கிறார்கள். 1978இல் இன்சுலினுக்குச் செய்த அதே வித்தை. 165 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரண்டிரண்டாக இணைந்தால்தான் வேலை செய்யும். பாக்டீரியாவை உடைத்து, புரதத்தைப் பிரித்து, சரியாக மடங்கவைத்து, பாக்டீரியாவின் நச்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, உறைய உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு தொகுதியையும் உள்வரி உயிரணுக்களுக்கே கொடுத்து, எத்தனை நானோகிராமுக்கு எவ்வளவு பெருகின என்று எண்ணி எழுதுகிறார்கள். காரெலின் சாற்றில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது. இந்தக் குப்பிக்குள் பெயரும் எடையும் தெரிந்த ஒரே பொருள்தான் இருக்கிறது. ஊற்றுவது புரதம் மட்டுமே. உயிரணு எதுவும் கூடவே ஒளிந்து வருவதில்லை. எனவே குடுவையில் பெருகுபவை பழையவையா புதியவையா என்ற ஐயத்துக்கு இடமில்லை. அவை முதுமையடைந்தால் அந்த முதுமை கண்ணுக்குத் தெரியும்.

இதைப் படித்த பிறகுதான் அன்று கண்ணாடி வழியே பார்த்த குடுவைகளின் மேல் எழுதியிருந்த எண்களின் பொருள் விளங்கியது. 2, 4, 5 என்று கறுப்பு மையில் எழுதியிருந்தார்கள். எத்தனையாவது முறை பிரித்து வளர்த்தது என்ற கணக்கு அது. எங்கள் எதிரிலேயே அந்த ஆய்வு மாணவி முதிர்ந்த குடுவை ஒன்றை எடுத்து உருப்பெருக்கியில் ஒருமுறை பார்த்தார். நோட்டில் ஏதோ குறித்தார். பிறகு மஞ்சள் நிறக் கரைசல் இருந்த ஒரு வாளியில் கொட்டினார். வெளியே வந்தபோது குளோரின் நெடி அடித்தது. அது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். கம்ப்பியேனில் காயம்பட்ட வீரர்களின் புண்களுக்குள் காரெல் நீர்க்கச் செய்து செலுத்தியதும் இதே பொருள்தான்.